பறவை ஏழாவது வரியில்தான் வருகிறது

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் 'ஹோப் இஸ் த திங் வித் ஃபெதர்ஸ்' கவிதையின் மைய உருவகத்தை விளக்கச் சொன்னார்கள். "நம்பிக்கை பறவையோடு ஒப்பிடப்படுகிறது" என்று எழுதினேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. எதை விட்டுவிட்டேன்?

பதில்: தாமரைமுகம் உவமை, முகத்தாமரை உருவகம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நீங்கள் எழுதியது முதல் வகை, கவிதையில் இருப்பது இரண்டாவது. ஆனால் முதல் வரியில் பறவையே கிடையாது. 'இறகுள்ள ஏதோ ஒன்று' என்றுதான் தொடங்குகிறார். மொத்தம் 12 வரிகள். பறவை என்ற சொல் ஏழாவதில்தான் வருகிறது.

சரி, அந்தப் பறவை என்ன செய்கிறது? பறக்கவில்லை. நோட்ஸ் எழுதுகிறவர்கள் 'சிறகடித்துப் பறக்கும் நம்பிக்கை' என்பார்கள். அப்படி ஒரு வரி கவிதையில் இல்லை. அது உள்ளத்தில் வந்து உட்கார்ந்து பாடுகிறது, எத்தனையோ பேருக்குக் குளிர் போக்குகிறது. இறகு இங்கே கதகதப்புக்கு.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வரி: மெட்டு உண்டு, சொல் இல்லை. தமிழில் நம்பிக்கை என்றால் கடவுள் நம்பிக்கை, ஆள் மேல் உள்ள நம்பிக்கை எல்லாம் அதில் அடங்கிவிடும். இவர் சொல்வது அதுவல்ல. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று இந்தப் பறவை வாக்குக் கொடுப்பதில்லை. காரணம் கேட்டால் அதனிடம் பதிலும் இல்லை. நடுராத்திரியில் ஐசியு வாசலில் உட்கார்ந்திருப்பவர், விடிந்ததும் உள்ளே இருப்பவருக்குக் கொடுக்கலாம் என்று பிளாஸ்கைக் கழுவி வைக்கிறாரே, அதுதான் அந்த மெட்டு.

அந்தப் பறவையைத் தாக்கும் புயலும் கவிதையில் வருகிறது. அதைப் பற்றி எழுதும்போது 'அபாஷ்' (abash) என்ற வினையைக் கவனியுங்கள். கொல்வது என்று பொருள் இல்லை, கூசிப்போகச் செய்வது. அதற்கே மிகக் கொடிய புயல் வேண்டுமாம்.

வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு வரி போதும்: 1861 வாக்கில் எழுதியது, அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து 1891-இல் அச்சானது. மிச்ச இடத்தைக் கடைசி நான்கு வரிகளுக்குக் கொடுங்கள். அதுவரை பொதுவாகப் பேசியவர் அங்கேதான் 'நான்' என்கிறார். கடுங்குளிர் நிலத்திலும் முன்பின் அறியாத கடலிலும் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறாராம். எவ்வளவு நெருக்கடியிலும் அது அவரிடம் ஒரு ரொட்டித் துணுக்குகூடக் கேட்டதில்லை.