அனுப்பாதீர்கள், சொல்லுங்கள்

கேள்வி: என் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். அறையில் உடன் இருப்பவர்கள் ஒரு மலையாளி, ஒரு சிங்களவர், ஒரு ஹைதராபாத்காரர். முதலாளி அரபி. இவர்களுக்கு அவரவர் மொழியில் பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்து அனுப்ப வாசகங்கள் தருவீர்களா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: தருகிறேன். ஆனால் ‘அனுப்ப’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வழக்கு. ரோஜாப்பூவும் கேக்கும் போட்ட படம் ஒன்று விடிவதற்குள் கைபேசியில் வந்து விழுகிறது. யாரோ செய்தது, யாரோ உங்களுக்குத் தள்ளிவிட்டது, நீங்கள் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறீர்கள். பிறந்தவரின் பெயர்கூட அதில் இல்லை.

அந்தக் காலத்து வாழ்த்துத் தந்தி நினைவிருக்கிறதா? வாசகங்களுக்கு எண் கொடுத்துப் பட்டியல் போட்டிருப்பார்கள். எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும், போய்ச் சேரும் ஊரில் அதற்குரிய வாசகம் கைக்கு வந்துவிடும். அதுவும் ரெடிமேட்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் ஒரு மனிதர் வெயிலில் தபால் ஆபீசுக்கு நடந்து, காத்து நின்று, காசு கட்டி, பெயரும் முகவரியும் தன் கையால் எழுதியாக வேண்டும். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோது இந்தச் சிரமமும் சேர்ந்து போனது. அதற்காக இன்னும் வருந்துகிறேன்.

சரி, உங்கள் மகன் வாயால் சொல்வதாக இருந்தால் இதோ. மலையாளிக்கு ‘பிறந்நாள் ஆசம்சகள்’, கல்யாண நாளுக்கு ‘விவாஹ வார்ஷிக ஆசம்சகள்’. சிங்களவருக்கு ‘சுப உபன்தினயக் வேவா’. 1914 முதல் 1964 புயல் வரை தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கொழும்புக்கு ரயில் பிடித்த கரை நம்முடையது. அந்த மொழியில் ஒரு வாழ்த்தாவது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹைதராபாத்காரர் உருது பேசுபவர் என்றால் ‘சால்கிரஹ் முபாரக்’. இதில் கவனம் வேண்டும். வெறுமனே சொன்னால் பிறந்தநாளுக்கு. கல்யாண நாள் என்றால் ‘ஷாதி கீ சால்கிரஹ் முபாரக்’ என்று முன்னால் சேர்க்க வேண்டும். தெலுங்கர் என்றால் ‘புட்டினரோஜு சுபாகாங்க்ஷலு’. அரபி முதலாளிக்கு ‘குல் ஆம் வ அன்த பிகைர்’. பெண் என்றால் ‘அன்தி’, தம்பதிக்குச் சேர்த்துச் சொன்னால் ‘அன்தும்’. ரம்ஜான், பக்ரீத் பெருநாளுக்கும் இதே வாழ்த்து பொருந்தும் என்பதால், ஒருமுறை மனப்பாடம் செய்தால் ஆண்டு முழுக்க உதவும். பிறந்தநாள் கொண்டாடுவதில்லை என்று இருப்பவரிடம் மட்டும் வற்புறுத்த வேண்டாம். ‘உங்களுக்காக துஆ (பிரார்த்தனை) செய்தேன்’ என்றால் அவருக்கும் நிறைவுதான்.

தேதியை விட்டு வேறு நாளில் வாழ்த்து எதிர்பார்ப்பவர்களும் உண்டு. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ அந்தோணி என்ற பெயர்க்காரர் இருந்தால் ஜூன் 13-ஐக் குறித்து வையுங்கள். அது அவருடைய புனிதரின் திருநாள். அப்புறம், வைகாசியில் கல்யாணமான விசைப்படகுக்காரருக்கு ஒரு யோகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கல்யாண நாளில் ஆள் கரையில்தான் இருப்பார். அந்த 61 நாளும் கையில் காசு புழங்காது என்பதும் உண்மை. அந்த வீட்டுக்கு நேரில் போய், கால் கிலோ அல்வாவோடு நாலு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். பஸ் ஸ்டாண்டை மறைத்து பிளெக்ஸ் வைக்கும் பணத்தில் பத்து வீட்டுக்கு அல்வா வாங்கலாம் என்பதை இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன்.

உங்கள் மகனுக்கு நீங்கள் போன் செய்யும்போது ஒன்று மட்டும்: துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே காலை ஆறு என்றால் அங்கே நாலரை. பிள்ளையைத் தூங்க விட்டு, எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.