திமிங்கிலத்தின் முன்னோர் தரையில் நடந்தன என்பதற்குப் புதைபடிவங்களில் என்ன சான்று?

காதெலும்பிலிருந்து தொடங்கலாம். பாகிஸ்தானில் கிடைத்த பாக்கிசீட்டஸ், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நான்கு கால்களில் நடந்த, ஓநாய் அளவு விலங்கு. பார்த்தால் யாரும் திமிங்கிலம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அதன் நடுச்செவியைச் சூழ்ந்த எலும்பின் உள்விளிம்பு தடித்திருக்கிறது. இன்றைய திமிங்கிலங்களுக்கும் ஓங்கில்களுக்கும் (டால்பின்களுக்கும்) உரிய அடையாளம் அது. ஜம்மு-காஷ்மீரில் கிடைத்த இந்தோஹியஸ் என்ற சிறிய குளம்புள்ள விலங்கிடமும் அதே தடிப்பு உண்டு.

எகிப்தின் வாதி அல் ஹிதான் பாலைவனத்தில் கிடைத்த பாசிலோசாரஸ் என்ற பழங்காலத் திமிங்கிலம் முழுக்கக் கடல்வாசி, நீளம் சுமார் 15 மீட்டர். அதற்கும் முழங்கால், விரல்களோடு குட்டிப் பின்னங்கால்கள் இருந்ததை 1990இல் அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய உடலை அவற்றால் தாங்கியிருக்கவே முடியாது; தரையில் நடந்த முன்னோரின் எச்சம் அவை. பெயர்தான் வேடிக்கை: முதலில் ஊர்வன என்று தவறாக நினைத்து, ‘பல்லி அரசன்’ என்று பொருள்படப் பெயரிட்டுவிட்டார்கள்.