சைப்ரஸ் பயணம்: விசா குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னுடையது இந்திய பாஸ்போர்ட். இத்தாலி வழங்கிய ஷெங்கன் விசா இருக்கிறது. சைப்ரஸுக்குத் தனி விசா எடுக்க வேண்டுமா?

பதில்: சைப்ரஸ் 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு, 2008 முதல் அங்கே யூரோதான் நாணயம். ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றுவர உதவும் ஷெங்கன் பகுதிக்குள் அந்நாடு இன்னும் சேரவில்லை. அப்படியிருந்தும், இருமுறையோ பலமுறையோ நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவை வைத்திருப்பவர்களை அது தனி விசா இல்லாமலே அனுமதிக்கிறது. ஒருமுறை மட்டுமே நுழைய அனுமதிக்கும் விசா செல்லாது. மேலும், அந்த விசாவைக் கொண்டு ஏதேனும் ஒரு ஷெங்கன் நாட்டுக்குள் நீங்கள் முதலில் நுழைந்திருக்க வேண்டும். விமானம் மாறுவதற்காக நிலையத்தின் பன்னாட்டுப் பகுதியில் காத்திருந்தது நுழைவு ஆகாது. ஆகவே மும்பையிலிருந்து துபாய் வழியாக சைப்ரஸின் லார்னகாவில் இறங்கி, அதன் பிறகு ரோம் செல்லலாம் என்று திட்டமிட்டிருந்தால், பயண வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக மின்னணுப் பதிவு படிப்படியாக வந்திருப்பதால், நுழைந்ததற்குச் சான்றாக போர்டிங் பாஸைப் பத்திரப்படுத்துவது நல்லது.

கேள்வி: ரோம், லார்னகா, ஏதென்ஸ் என்று சென்று, மீண்டும் ரோமிலிருந்து ஊர் திரும்ப எண்ணுகிறோம். இருமுறை நுழைவு விசா போதுமா?

பதில்: போதும். ரோமில் இறங்கும்போது முதல் நுழைவும், லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் வரும்போது இரண்டாவது நுழைவும் கணக்கில் சேரும். ஏதென்ஸிலிருந்து ரோம் செல்வது ஷெங்கனுக்குள்ளேயே நடக்கும் பயணம். ஏதென்ஸுக்கும் ரோமுக்கும் இடையில் இஸ்தான்புல்லையும் சேர்த்துக்கொண்டால் மூன்றாவது நுழைவு தேவைப்படும். அது உங்களிடம் இராது. சைப்ரஸில் தங்கும் நாட்கள் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை மட்டுமே தங்கலாம் என்ற ஷெங்கன் கணக்கில் சேர்வதில்லை என்பது நீண்ட விடுமுறையில் வருவோருக்கு உண்மையிலேயே பெரிய வசதி.

கேள்வி: சைப்ரஸ் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு கிரீஸின் சான்டோரினி தீவைப் பார்த்துவர முடியுமா?

பதில்: முடியாது. சைப்ரஸ் வழங்கும் விசா சைப்ரஸுக்கு மட்டுமே செல்லும்.

கேள்வி: துருக்கியிலிருந்து சைப்ரஸின் வடபகுதியிலுள்ள எர்ஜான் விமான நிலையத்துக்குக் கட்டணம் குறைவாக இருக்கிறது. அங்கே இறங்கித் தெற்கே செல்லலாமா?

பதில்: தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். 1974இல் துருக்கிப் படைகள் நுழைந்ததிலிருந்து தீவு பிளவுபட்டிருக்கிறது. 1983இல் வடபகுதி தன்னைத் தனிநாடாக அறிவித்துக்கொண்டபோதும் துருக்கியைத் தவிர வேறெந்த நாடும் அதை அங்கீகரிக்கவில்லை. எர்ஜான் நிலையத்தையும் வடபகுதித் துறைமுகங்களையும் சைப்ரஸ் குடியரசு சட்டபூர்வமான நுழைவாயில்களாக ஏற்பதில்லை. எனவே அவ்வழியே வந்த, ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டவர், கையில் செல்லுபடியாகும் விசா இருந்தாலும், தெற்கே கடக்கும் இடத்தில் திருப்பி அனுப்பப்படலாம். லார்னகா அல்லது பாஃபோஸ் விமான நிலையத்தில் இறங்குவதே பாதுகாப்பான வழி. சில ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக முழுப் பயணத்தையும் பணயம் வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் தெற்கிலிருந்து வடபகுதிக்குச் சென்று திரும்புவது சரியா?

பதில்: சரிதான். கடவுப்பாதைகள் 2003 ஏப்ரலில் முதன்முதலாகத் திறக்கப்பட்டன. நிக்கோசியாவின் நடுவே உள்ள லெட்ரா தெருப் பாதை 2008இல் திறந்தது. அங்கே கால்நடையாகவே கடக்கலாம். இருபுறமும் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். இடைப்பட்ட பகுதி ஐ.நா. அமைதிப்படையின் கண்காணிப்பில் இருப்பதால், அங்குள்ள காவல் நிலைகளையும் படைவீரர்களையும் படம் எடுக்கக் கூடாது. வாடகைக் காரில் செல்வதாக இருந்தால், தெற்கில் எடுத்த காப்பீடு வடக்கில் செல்லாது. வடக்கே நுழையுமிடத்தில் தனியாக எடுக்க வேண்டும். வாடகை நிறுவனம் காரை வடக்கே கொண்டுசெல்ல அனுமதிக்கிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் முன்னரே பாருங்கள். திரும்பும்போது 40 சிகரெட்டுகளும் ஒரு லிட்டர் மதுவும் மட்டுமே கொண்டுவரலாம். மற்ற பொருட்களுக்கு 260 யூரோ வரம்பு.

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். பிரிட்டனின் நிரந்தர வசிப்புரிமை உண்டு, பாஸ்போர்ட் இலங்கையுடையது. விசா வேண்டுமா?

பதில்: வேண்டும். விசா இல்லாமல் 90 நாட்கள் வரை தங்கும் சலுகை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு உரியது. பிரிட்டனின் வசிப்புரிமைக்கு அது பொருந்தாது. ஷெங்கன் நாடொன்றின் வசிப்பு அட்டை உங்களிடம் இருந்திருந்தால் நிலைமை வேறு. அதைக் கொண்டு விசா இல்லாமலே செல்ல முடியும். லண்டனிலுள்ள சைப்ரஸ் உயர் ஆணையம் (தூதரகம்) வழியாக விண்ணப்பியுங்கள். தீவிலிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்க வேண்டும்.