இடதுகைப் பழக்கம் உள்ளவருக்கு ஃப்ளை ராட் (ஃப்ளை என்ற போலிப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் கோல்) வீசக் கற்றுக்கொடுப்பது எப்படி? எனக்கு வலதுகை.

எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். என் மகளுக்கு இடதுகைப் பழக்கம். அமெரிக்காவின் டென்வரில் சவுத் பிளாட் ஆற்றங்கரையில் முதல் நாள் அவள் பக்கத்தில் நின்று வீசிக் காட்டினேன். நான் செய்வதை எல்லாம் அவள் மனதுக்குள் திருப்பிப்போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பாதி நேரம் லைன் அவள் தொப்பியில்தான் சிக்கியது.

மறுநாள் ஆற்றுக்குப் போகவில்லை. பூங்காப் புல்வெளியில் எதிரெதிரே நின்றோம். கண்ணாடியில் பார்ப்பது போல என் வலதுகை அசைவு அவள் இடதுகைக்கு அப்படியே பொருந்தியது. முதலில் லைன் இல்லாமல், ராடின் அடிப்பாதியை மட்டும் பிடித்து அசைத்தோம். அப்புறம்தான் லைன். கொக்கிக்குப் பதில் நுனியில் ஒரு துண்டு கம்பளி நூல். அப்போதும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுவிடுங்கள்.

ஃப்ளை வீச்சில் போலிப் பூச்சிக்கு எடை இல்லாத மாதிரிதான், லைனின் எடைதான் பறக்கிறது. ராட் நுனி வேகமெடுத்துச் சட்டென்று நிற்கும் திசையில்தான் லைன் போகும் என்று ஃப்ளை வீச்சுப் பயிற்சியில் பேர்போன லெஃப்டி க்ரே ஓயாமல் சொல்லிவந்தார். புதியவர்கள் நிறுத்துவதில்லை, தோளுக்குப் பின்னால் சாய்த்துவிடுகிறார்கள். ராடைக் கடிகார முள்ளாக நினைத்து நிறுத்தும் '10 மணி, 1 மணி' கணக்கு எதிரே நிற்பவருக்குப் புரியாது. 'கட்டைவிரல் நகம் கடைக்கண்ணில் தெரிந்ததும் நிறுத்து' என்றேன், பிடித்துக்கொண்டாள். இடது காலைச் சற்றுப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். தலையைத் திருப்பி, பின்னால் லைன் நீள்வதைப் பார்க்கலாம். அது நீண்டு முடியும்வரை காத்திருக்கத் தெரிந்துவிட்டால் பெரிய கஷ்டம் தாண்டியது.

ராடில் இடது, வலது இல்லை. லைனைச் சுற்றிவைக்கும் ரீலில் உண்டு. இடதுகையால் வீசுபவர் பொதுவாக வலதுகையால் சுற்றுவார். கடையில் பெரும்பாலும் இடதுகையால் சுற்றும்படிதான் அமைத்துத் தருவார்கள். பல ரீல்களில் பிரேக்கின் திசையை மாற்றலாம். ஆனால் லைனை, அதற்கு அடியில் சுற்றியிருக்கும் பேக்கிங் என்ற துணைநூலோடு முழுவதும் உருவி, எதிர்த்திசையில் மறுபடி சுற்ற வேண்டும். பிரேக்கை மாற்றாமல் விட்டால் மீன் இழுக்கும்போது தடுப்பே இருக்காது.

ஆற்றில் வலதுகைக்காரர்களான நமக்கு வசதியான கரையையே நம் கால் தேடும், அங்கே இடதுகைக்காரர்கள் திணறுவார்கள். நீரோட்டத்தை எதிர்த்து நடக்கையில் ஆறு அவர்களுடைய இடப்பக்கம் இருக்கட்டும். காற்றும் இடமிருந்து அடிக்கக் கூடாது, லைன் முகத்துக்கு வரும்.

முடிந்தால் நீங்களும் அரை மணி நேரம் இடதுகையால் வீசிப் பாருங்கள். நான் வீசியபோது மணிக்கட்டு எங்கே தடுமாறுகிறது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அன்றிலிருந்து என்னிடம் தயங்காமல் கேட்கிறாள்.