ஃபிராங்க்ளினின் குறிப்பேடும் உங்கள் குறிப்பேடும்

கேள்வி: அமெரிக்க விடுதலைத் தலைவர்களுள் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பதின்மூன்று நற்குணங்களைக் கட்டம் போட்டுப் பழகினார் என்று படித்துவிட்டு, நானும் அப்படி ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். சில மாதங்களாக விடாமல் குறித்துவருகிறேன். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு புள்ளி; பக்கமெல்லாம் கரும்புள்ளிகள்தாம். இரவில் அதைத் திறக்கும்போதே மனம் சோர்ந்துவிடுகிறது. கல்லூரியில் படிக்கும் என் மகன், "மகிழ்ச்சியைத் தேடுவது மனிதனின் உரிமை என்று அமெரிக்கர்கள் சுதந்திரப் பிரகடனத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நீங்கள் ஏன் அப்பா உங்களையே வருத்திக்கொள்கிறீர்கள்?" என்கிறான். அடிமைகளை வைத்திருந்தவர்களிடம் ஒழுக்கம் கற்க என்ன இருக்கிறது என்றும் கேட்கிறான். குறிப்பேட்டைத் தொடரலாமா, மூடிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தொடருங்கள். ஆனால், அதைக் கையாளும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் மகனின் வாதத்தைப் பார்ப்போம். பிரகடனத்தைப் பற்றி அவர் சொல்வது சரிதான். ஆனால் அதை எழுதியவர்கள் மகிழ்ச்சியை ஒழுக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைக்கவில்லை. 1776 ஜூன் மாதம் பிலடெல்பியாவில் தாமஸ் ஜெஃபர்சன் அந்த வரைவை எழுதிக்கொண்டிருந்தபோது, வர்ஜீனியாவில் ஜார்ஜ் மேசன் வடித்த உரிமைப் பிரகடனம் ஜூன் 12 அன்று நிறைவேறியது. மகிழ்ச்சியைத் தேடுவதும் அடைவதும் மனிதரின் இயல்பான உரிமைகளுள் அடங்கும் என்று முதல் பிரிவில் கூறும் அதே ஆவணம், நீதி, மிதம், தன்னடக்கம், சிக்கனம், நல்லொழுக்கம் ஆகியவற்றை உறுதியாகப் பற்றி நிற்காத மக்களிடம் சுதந்திர ஆட்சி நிலைக்காது என்று பின்னொரு பிரிவில் கூறுகிறது. அவ்வாண்டின் வசந்த காலத்தில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் வெளியிட்ட சிறு நூல், மனிதனின் மகிழ்ச்சி நல்லொழுக்கத்தில்தான் உள்ளது என்பதில் கன்பூசியசும் சாக்ரடீசும் ஒரே கருத்தினர் என்றது. 1789 ஏப்ரல் 30 அன்று முதல் அதிபராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாஷிங்டன், நல்லொழுக்கமும் மகிழ்ச்சியும் பிரிக்க முடியாதபடி பிணைந்தவை என்று தம் முதல் உரையிலேயே அறிவித்தார். உங்கள் வழியில் நீங்கள் மகிழ்ச்சியைத் தேடுவதை அரசு தடுக்கக் கூடாது என்பது அவர்கள் கேட்ட உரிமை. அதை எங்கே தேட வேண்டும் என்பதில் அவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

இனி உங்கள் குறிப்பேடு. பிரகடனத்தை வரைவதற்கு அமைக்கப்பட்ட ஐவர் குழுவில் இருந்த ஃபிராங்க்ளின், இந்தப் பயிற்சியைத் தொடங்கியது அதற்கு ஏறக்குறைய 45 ஆண்டுகளுக்கு முன்பு, தம் இருபதுகளில். அதைப் பற்றி விரிவாக எழுதியதோ 1784-இல், பாரிசுக்கு அருகிலுள்ள பாஸியில். உணவிலும் குடியிலும் மிதம், வீண்பேச்சின்மை, ஒழுங்கு, மனவுறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, நடுநிலை, தூய்மை, மனஅமைதி, புலனடக்கம், பணிவு என்பது அவருடைய வரிசை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். பதின்மூன்று வாரங்களில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்றுகள். இரவில் எல்லாக் குணங்களுக்கும் நேரே தவறுகளைக் குறித்தார் என்றாலும், பகலில் அவருடைய கவனமெல்லாம் அந்த வாரத்துக்குரிய ஒரே குணத்தின் மீதுதான் இருந்தது. மற்றவற்றை அவற்றின் போக்கில் விட்டுவிட்டார். மிதத்தை முதலில் வைத்ததற்கும் காரணம் உண்டு: தெளிந்த தலை இருந்தால்தான் மற்றவற்றைக் காவல் காக்க முடியும் என்று அவர் கருதினார். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, பதின்மூன்றையும் ஒரே நாளில் வெல்ல நீங்கள் முயல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. அப்படி முயன்றால் யாருக்கும் மனம் சோரும்.

புள்ளிகளைக் கண்டு நீங்கள் மட்டுமே கலங்கவில்லை. தாம் நினைத்திருந்ததைவிடத் தம்மிடம் குறைகள் மிக அதிகம் என்று ஃபிராங்க்ளினும் வியந்து எழுதியிருக்கிறார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி அவருடைய ஏட்டில் ஓட்டைகள் விழுந்தன. பிறகு தந்தத் தகடுகளில் கட்டம் வரைந்து, பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் ஒழுங்கு என்ற குணம்தான் அவரை மிகவும் படுத்தியது. அந்த இடத்தில் அவர் ஒரு கதை சொல்கிறார். கோடரி வாங்கிய ஒருவர், விளிம்பைப் போலவே முழுப் பரப்பும் பளபளக்க வேண்டும் என்று கேட்டார். சக்கரத்தை நீங்கள் சுற்றினால் நான் தீட்டித் தருகிறேன் என்றார் கொல்லர். சுற்றிச் சுற்றிக் களைத்தவர், புள்ளி விழுந்த கோடரியே எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாராம். முயற்சியைக் கைவிடுகிறவர்கள் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது என்பதற்காகவே ஃபிராங்க்ளின் இதைச் சொன்னார். அவருக்கே அந்தச் சபலம் வந்தது. முழுமையை எட்டவில்லை, அதன் அருகில்கூடப் போகவில்லை, ஆனாலும் முயலாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட நல்லவனாகவும் மகிழ்ச்சியானவனாகவும் ஆனேன் என்பதே அவர் சொன்ன முடிவு. பிற்காலத்தில் ஆண்டுக்கு ஒரு சுற்று, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒரு சுற்று என்று குறைந்து, கடைசியில் சுற்றுகளே நின்றுபோயின. ஆனால் அந்தச் சிறு ஏட்டை அவர் எப்போதும் உடன் வைத்திருந்தார்.

உங்கள் மகனின் இரண்டாவது கேள்வி கனமானது. அதை ஒதுக்கித் தள்ளாதீர்கள். ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். ஃபிராங்க்ளினின் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள்; அவர் நடத்திய பென்சில்வேனியா கெசட் செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. பிறருக்குத் தீங்கு செய்யாதே, செய்ய வேண்டிய நன்மையைச் செய்யாமலும் விடாதே என்பதுதான் நீதி என்ற கட்டத்துக்கு அவர் எழுதியிருந்த விளக்கம். அந்தக் கட்டத்தில் இந்த விளம்பரங்களுக்காக ஒரு புள்ளி வைக்க அவருக்குத் தோன்றியதாக எந்தக் குறிப்பும் இல்லை. தன் கண்ணுக்குத் தெரியாத குற்றத்தை எந்த மனிதனும் தன் ஏட்டில் குறிப்பதில்லை. தனியாக உட்கார்ந்து செய்யும் ஒழுக்கப் பயிற்சியின் மிகப் பெரிய குறையாக நான் இதைத்தான் கருதுகிறேன்.

அந்தக் குறையை அவருக்கு நிரப்பியவர்கள் பிறர். முதலில் அவருடைய பட்டியலில் பன்னிரண்டு குணங்களே இருந்தன. உங்களுக்குச் செருக்கு இருக்கிறது, பேச்சில் அது வெளிப்படுகிறது என்று ஒரு குவேக்கர் (எளிமையை வலியுறுத்தும் கிறித்தவப் பிரிவினர்) நண்பர் உதாரணங்களோடு எடுத்துச் சொன்ன பிறகுதான் பணிவு சேர்ந்தது. அடிமை முறையிலும் அப்படியே: பெஞ்சமின் லே என்ற குவேக்கர் எழுதிய கடுமையான கண்டன நூலை 1737-இல் அச்சிட்டவரே ஃபிராங்க்ளின்தான். அது அவர் மனத்தில் முழுதாக இறங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1787-இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், எல்லா மனிதரும் மகிழ்ச்சியைத் துய்ப்பதற்காகச் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்று கூறும் மனுவில் கையெழுத்திட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார், ஏப்ரலில் இறந்துபோனார். தாமதம் மன்னிக்கத்தக்கதா என்பதை அடிமைப்பட்டிருந்தவர்கள்தான் சொல்ல முடியும், நாம் சொல்ல முடியாது. ஆனால், மகிழ்ச்சி யாருக்கெல்லாம் உரியது என்ற கேள்வியில் அந்த முதியவர் கடைசிவரை கற்றுக்கொண்டிருந்தார் என்பதை உங்கள் மகனிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

எனவே, இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு குணத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்காதீர்கள். பட்டியலின் அடியில் ஒரு வரியைக் காலியாக விட்டு, அதில் என்ன எழுத வேண்டும் என்று வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள்.

மகனை இந்தப் பயிற்சிக்கு இழுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஃபிராங்க்ளின் 1771-இல் தம் வாழ்க்கைக் கதையைத் தொடங்கியது மகன் வில்லியத்துக்கு எழுதும் கடிதமாகத்தான். அமெரிக்கப் புரட்சியில் வில்லியம் பிரிட்டிஷ் மன்னரின் பக்கம் நின்றார். போர் முடிந்த பிறகு அவரே சமாதானம் நாடி எழுதியும் தந்தையின் மனம் ஆறவில்லை, உயிலிலும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் வைக்கவில்லை. உங்கள் மகன் உங்களோடு வாதாடுகிறார், உங்கள் சோர்வைக் கவனித்திருக்கிறார். அந்தக் காலி வரியைப் பற்றி முதலில் அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வது கசந்தால் அன்றைக்கே மறுமொழி கூறாமல், அடுத்த வாரத்தை அந்த ஒரு குணத்துக்கே கொடுத்துப் பாருங்கள்.