மன்றத்தால் ஓதல் கெடுமா?

கேள்வி: என் மகன் அரபுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு ஓதுகிறான். விடுதியில் இருக்கிறான். போன் செய்தாலே அரபு மன்றம், நாடகம், கையெழுத்துப் பத்திரிகை என்று அதே பேச்சு. ஓதல் கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. - ஒரு தாய், மேலப்பாளையம்

பதில்: கெடாதும்மா. ஒரு வினைச்சொல்லைக் கொடுத்தால் உங்கள் பிள்ளை அதன் 14 வடிவங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். அதே பிள்ளையிடம், குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்பதை அரபியில் சொல்லச் சொல்லுங்கள், முழிப்பான். ஸர்ஃப் (சொல் வடிவ இலக்கணம்), நஹ்வு (வாக்கிய இலக்கணம்) கிதாபுகளில் குழாய்க்கு வேலையில்லை.

நாடகத்தில் உண்டு. கடைக்காரராக வருபவன் விலை சொல்ல வேண்டும், வாங்க வந்தவன் குறைத்துக் கேட்க வேண்டும். அரபியில் 3 முதல் 10 வரை எண்ணும்போது, பொருள் ஆண்பாலாக இருந்தால் எண் பெண்பால் வடிவத்தில் வரும். பெரிய மாணவர்களே தடுமாறுகிற இடம் இது. ஒத்திகைக்கு ஒத்திகை 'ஸலாஸது ரியாலாத்' என்று மூன்று ரியாலுக்குப் பேரம் பேசியவனுக்கு அது நாக்கில் உட்கார்ந்துவிடும்.

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் கொன்டோர் என்று ஒரு பெரிய விடுதிப் பள்ளி, 1926இல் தொடங்கியது. அங்கே முஹாளரா எனும் மேடைப் பேச்சுப் பயிற்சி மாணவர்களின் வாராந்தர ஒழுங்கில் ஒன்று. அரபி, ஆங்கிலம், இந்தோனேசிய மொழி மூன்றிலும் பேசிப் பழக வேண்டும். நம் பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக் கலைவிழாவிலேயே அரபிக்குத் தனிப் போட்டிகள் இருக்கின்றன. ஒருவர் முடித்த எழுத்தில் அடுத்தவர் கவிதை தொடங்கும் முஷாஅராவும் அதில் உண்டு. உங்கள் மகனின் மன்றத்தில் இது இல்லையென்றால் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், பையன்களுக்குப் பிடிக்கும்.

ஆனால் ஒன்றை விசாரித்துவிடுங்கள். பெயர்தான் அரபு மன்றம், பேச்சு முழுக்கத் தமிழில் என்றால் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) செய்ய வருமே தவிர அரபி வராது. சீனியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதிலும் பெரிய பலன் இல்லை. பேசி முடித்ததும் மற்றவர்கள் அரபியில் கேள்வி கேட்க வேண்டும், அவன் திக்கித் திணறியாவது பதில் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தித் திருத்தாமல், தவறுகளைக் குறித்துவைத்துக் கடைசியில் சொல்லும் உஸ்தாத் (ஆசிரியர்) இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்த முறை போன் பேசும்போது, "மன்றத்தில் என்ன கேள்வி கேட்டாங்க, நீ என்ன சொன்னே?" என்று கேளுங்கள். பரீட்சை நெருங்கினால் நாடகத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கட்டும்; ஒத்திகை நிறைய நேரம் தின்னும்.