பாட்டு போட்டா வலி குறையுமா?

கேள்வி: அம்மா இப்போ பாலியேட்டிவ் கேர்ல (நோயால வர்ற வலி, கஷ்டத்தைக் குறைக்கற கவனிப்பு) இருக்காங்க, கண்ணே திறக்கறதில்ல. மியூசிக் தெரபி பண்ணலாம்னு நர்ஸ் சொல்றாங்க. கேட்கவே முடியாதவங்களுக்கு பாட்டு எதுக்குங்க?

பதில்: கேட்கலன்னு எப்படி முடிவு பண்ணீங்க? 2020-ல கனடாவுல, கடைசி நேரத்துல பதிலே சொல்லாம கிடந்தவங்களோட மூளை அலையை பதிவு பண்ணிப் பார்த்தாங்க, அதுல சில பேருக்கு மூளை சத்தத்துக்கு ரெஸ்பான்ஸ் பண்ணியிருக்கு. புரிஞ்சுதா இல்லையாங்கறது வேற விஷயம்.

நோயை மியூசிக் தெரபி குணமாக்காது, வலி மருந்தையும் நிறுத்தக்கூடாது, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா தெரபிஸ்ட் வந்தா சும்மா பாட்டு போட்டுட்டு போறதில்ல, அம்மாவோட மூச்சு வேகத்தைப் பார்த்து அதே வேகத்துல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மெதுவாக்குவாங்க, கூடவே மூச்சும் அடங்கி வர சான்ஸ் இருக்கு, முகத்துல சுளிப்பு தெரிஞ்சா உடனே நிறுத்திடுவாங்க.

நீங்க செய்ய வேண்டியது, அம்மாவுக்கு சின்ன வயசுல பிடிச்ச பாட்டு எதுன்னு எழுதிக் கொடுங்க, உங்களுக்குப் பிடிச்சது இல்லங்க! பழைய சோகத்தைக் கிளப்புற பாட்டு ஏதாவது இருந்தா அதையும் சொல்லிடுங்க. நாள் பூரா ஓடவிடாதீங்க, சத்தம் கம்மியா கொஞ்ச நேரம் போதும். உங்க குரல் எப்படி இருந்தாலும் பரவால்ல, கையைப் பிடிச்சுக்கிட்டு நீங்களே ரெண்டு வரி பாடுங்க.